பிடித்த வரி திரும்பி வருமா? வாசகர் கேள்விகள், பதில்கள்

ரிட்டர்ன் போடக் கடைசி நாளான 2025 செப்டம்பர் 16 போயாச்சு. வருமான வரி ரிட்டர்ன் போடாமல் விட்டவர்களுக்கு இப்போதுதான், நவம்பர் மழைக்கு நடுவில், பிடித்துக்கொண்ட வரி நினைவுக்கு வருகிறது போலிருக்கிறது. இந்த மாதக் கடிதங்களைப் பிரித்தால் எங்கு பார்த்தாலும் ரீஃபண்ட் கேள்விதான். அதனால் வீட்டுக்கடன், பத்திரப்பதிவு கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கீழே வரும் கணக்குகள் 2024-25 நிதியாண்டுக்கானவை, தேதிகளும் விதிகளும் 2025 நவம்பரில் இருந்தபடி. வேறு ஆண்டு என்றால் அந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

எனக்கு வயது 67. கணவர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியம் வருடத்துக்கு 1,80,000 வருகிறது. அவர் விட்டுச்சென்ற பணத்தை ஒரே வங்கியில் எஃப்.டி. போட்டிருக்கிறேன், வட்டி 2,10,000. அதில் 21,000 ரூபாயை வரி என்று பிடித்துவிட்டார்கள். வங்கியில் கேட்டால் "இன்கம்டாக்ஸ் ஆபீஸில் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். நுங்கம்பாக்கம் போக வேண்டுமா? என்ன மனு கொடுக்க வேண்டும்?
வாசகி, மேற்கு மாம்பலம்

போக வேண்டாம் அம்மா. மனுவும் கிடையாது. முன்பு ரீஃபண்ட் கேட்பதற்கென்றே 30 என்ற எண்ணில் ஒரு படிவம் இருந்தது, அந்தப் பழைய நினைப்பில் யாரோ சொல்லியிருக்கலாம். இப்போது ரிட்டர்ன்தான் விண்ணப்பம். எவ்வளவு வருமானம், அதற்கு எவ்வளவு வரி, ஏற்கெனவே எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று அதில் காட்டிவிட்டால், மிச்சம் தானாகவே உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். பிடித்த வரியை வங்கி அரசுக்குக் கட்டி முடித்தபின் அவர்களே நினைத்தாலும் திருப்பித் தர முடியாது, அந்த மட்டில் அவர்கள் சொன்னது சரி.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வட்டியும் ஓய்வூதியமும் சேர்த்து 3,90,000. குடும்ப ஓய்வூதியத்துக்குப் புதிய வரிமுறையில் 25,000 கழிவு உண்டு, ஆக 3,65,000. மூன்று லட்சம் வரை வரி இல்லை, மேலே உள்ள 65,000க்கு 5 சதவீதம் என்றால் 3,250. ஆனால் மொத்த வருமானம் 7 லட்சத்துக்குள் இருப்பதால் 87ஏ தள்ளுபடியில் அதுவும் பூஜ்யமாகிவிடும். நீங்கள் கட்ட வேண்டிய வரி ஒரு ரூபாய்கூட இல்லை. பிடித்தது 21,000.

தேதி தாண்டிவிட்டதால் 1,000 ரூபாய் தாமதக் கட்டணம் உண்டு (வருமானம் 5 லட்சத்துக்கு மேல் இருந்தால் அது 5,000). மீதி 20,000 உங்களுக்கு வரவேண்டும். 2025 டிசம்பர் 31க்குள் ஐ.டி.ஆர். 1 படிவத்தில் போட்டுவிடுங்கள். போடுவதற்கு முன் இணையதளத்தில் 26ஏஎஸ் என்ற அறிக்கையை எடுத்து, அந்த 21,000 உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அதில் இல்லாத பணத்தைக் கேட்டால் கிடைக்காது, வங்கியிடம் போய் அவர்களுடைய டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) கணக்கைத் திருத்தச் சொல்ல வேண்டியிருக்கும்.

இதைவிட முக்கியம், அடுத்த வருடம் இந்த அலைச்சலே இல்லாமல் செய்வது. 60 வயது தாண்டியவர்களுக்கு 15ஹெச் என்று ஒரு படிவம் இருக்கிறது. "எனக்கு இந்த வருடம் வரி வராது, பிடிக்காதீர்கள்" என்று எழுதிக் கொடுப்பதுதான் அது. ஏப்ரல் முதல் வாரத்திலேயே கொடுத்துவிட வேண்டும், எத்தனை வங்கியில் எஃப்.டி. இருக்கிறதோ அத்தனை இடத்திலும், வருடா வருடம். 2025 ஏப்ரலிலிருந்து மூத்த குடிமக்களுக்கு ஒரு வங்கியில் ஒரு லட்சம் வரை வட்டிக்கு வரி பிடிப்பதில்லை, முன்பு 50,000. உங்கள் வட்டி அதையும் தாண்டுவதால் படிவம் கொடுக்காவிட்டால் இந்த வருடமும் பிடிப்பார்கள், ஒருவேளை பிடித்துக்கொண்டும் இருக்கலாம். நாளைக்கே போய்க் கொடுங்கள், மார்ச் வரைக்கும் உள்ள வட்டியாவது தப்பும்.

ரிட்டர்ன் எல்லாம் சரி என்று வந்துவிட்டது, ரீஃபண்ட் தொகையும் காட்டுகிறது. ஆனால் "ரீஃபண்ட் ஃபெயில்டு" என்று நிற்கிறது. பணம் எங்கே போனது?
வாசகர், வில்லிவாக்கம்

எங்கேயும் போகவில்லை, அரசாங்கத்திடமே பத்திரமாக இருக்கிறது. என் அனுபவத்தில் ரீஃபண்ட் வரி ஆபீஸில் மாட்டுவதைவிட நம்முடைய வங்கி பாஸ்புக்கில் மாட்டுவதுதான் அதிகம், அதுவும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு என்றே ஒரு தொல்லை உண்டு. இனிஷியல்.

பான் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை மட்டும் போட்டால் ஏற்கமாட்டார்கள். அதனால் அப்பா பெயரை முழுசாக எழுதிக் கொடுத்திருப்போம். குமார் என்று ஒருவர், அப்பா முருகேசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பானில் அவர் குமார் முருகேசன். வங்கியில் எம். குமார், முப்பது வருடத்துக்கு முன் திறந்த கணக்கு. ஆதாரில் குமார் மு. மூன்றும் ஒரே ஆள் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பணம் போட வேண்டிய கணக்கை வருமான வரி இணையதளத்தில் முன்கூட்டியே "வேலிடேட்" (சரிபார்த்து உறுதி) செய்ய வேண்டும், அப்போது பானில் உள்ள பெயரையும் வங்கியில் உள்ள பெயரையும் அது ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் அங்கேயே நின்றுவிடும்.

இதற்கு வழி, பான் அட்டை நகலோடு கிளைக்குப் போய் கே.ஒய்.சி. என்ற அடையாள விவரங்களைப் புதுப்பித்து, பானில் உள்ளபடியே பெயரை மாற்றச் சொல்வது. கையோடு அந்தக் கணக்கில் பான் எண் இணைந்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பானைத் திருத்துவதைவிட வங்கியில் திருத்துவது சீக்கிரம் முடியும். ஆனால் பானில் இருப்பதே எழுத்துப் பிழை என்றால் அதைத்தான் திருத்தியாக வேண்டும், வேறு வழியில்லை.

பெயர் சரியாக இருந்தும் ஃபெயில் ஆனால் வங்கிக் கிளைக்கான ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணைப் பாருங்கள். 2020இல் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், ஆந்திரா வங்கி யூனியன் வங்கியோடும், சிண்டிகேட் கனராவோடும் சேர்ந்தன. அதே வருடக் கடைசியில் லட்சுமி விலாஸ் வங்கி டி.பி.எஸ். ஆனது. பழைய எண்ணை அப்படியே விட்டுவைத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூடிய கணக்கைக் கொடுத்தவர்களும் உண்டு.

எல்லாவற்றையும் சரிசெய்து கணக்கு வேலிடேட் ஆனபின், அதே தளத்தில் "சர்வீசஸ்" பகுதியில் "ரீஃபண்ட் ரீஇஷ்யூ" என்று இருக்கும். அதில் கணக்கைத் தேர்ந்தெடுத்து ஆதார் ஓ.டி.பி. போட்டுக் கொடுத்தால் மறுபடி அனுப்புவார்கள். ரிட்டர்னைத் திரும்பப் போட வேண்டியதில்லை. இன்னொன்று, பான் ஆதாரோடு இணையாமல் செயலிழந்து கிடந்தால் ரீஃபண்டே தரமாட்டார்கள், அது செயலிழந்து கிடந்த காலத்துக்கு வட்டியும் இல்லை. 1,000 ரூபாய் கட்டி இணைத்துவிட்டுத்தான் மற்றது.

சினிமாவில் உதவி இயக்குநராக இருக்கிறேன். 2024-25இல் இரண்டு படங்களுக்கு 7 லட்சம் வந்தது, 10 சதவீதம் என்று 70,000 பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய இரண்டு வருடமும் இதே கதை. ரிட்டர்ன் போட்டதே இல்லை. போன பணம் போனதுதானா?
வாசகர், சாலிகிராமம்

போகவில்லை தம்பி. ஆனால் மூன்று வருடத்துக்கும் வழி ஒன்றல்ல.

முதலில் 2024-25. உங்கள் தொழில், வருமான வரிச் சட்டம் பட்டியலிட்ட தொழில்களில் வருகிறது. நடிகர், ஒளிப்பதிவாளர், எடிட்டர், பாடலாசிரியர் என்று போகும் திரைக்கலைஞர் பட்டியலில் இயக்குநரோடு உதவி இயக்குநரும் சேர்த்தி. அதனால் 44ஏடிஏ பிரிவைப் பயன்படுத்தலாம். வருட வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் கணக்குப் புத்தகம் வைக்காமலேயே வரவில் பாதியை லாபமாகக் காட்டலாம், மீதிப் பாதி செலவு என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். (உண்மையில் பாதிக்கு மேல் கையில் நின்றிருந்தால் அதைத்தான் காட்ட வேண்டும். ஆனால் கதை விவாதத்துக்கு அலைந்த பெட்ரோலையும் டீயையும் ரூம் வாடகையையும் கூட்டிப் பார்த்தால் உங்களுக்கு அந்தக் கவலை இருக்காது என்று நினைக்கிறேன்.) 7 லட்சத்தில் பாதி 3,50,000. தள்ளுபடி போக வரி பூஜ்யம். ஐ.டி.ஆர். 4 படிவம், டிசம்பர் 31க்குள். தாமதக் கட்டணம் 1,000 போக 69,000 வரும்.

ஒரு வருடத்தில் 25,000க்கு மேல் டி.டி.எஸ். பிடித்திருந்தாலே, வரி வந்தாலும் வராவிட்டாலும், ரிட்டர்ன் போடுவது கட்டாயம். மூத்த குடிமக்களுக்கு இந்த வரம்பு 50,000. "எனக்குத்தான் வரி இல்லையே" என்று உங்கள் வட்டாரத்தில் பலர் சும்மா இருக்கிறார்கள், சொல்லி வையுங்கள்.

பழைய இரண்டு வருடங்களுக்குத் தேதி முடிந்துவிட்டது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. "அப்டேட்டட் ரிட்டர்ன்" என்று ஒன்றைப் பல வருடம் கழித்தும் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். அது அரசுக்குக் கூடுதலாகக் கட்டுபவர்களுக்கு மட்டும், ரீஃபண்ட் கேட்பவருக்கு இல்லை. உங்களுக்கு உள்ள வழி 119(2)(பி) பிரிவில் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி விண்ணப்பிப்பது. இணையதளத்தில் "காண்டோனேஷன் ரிக்வெஸ்ட்" என்ற இடத்தில் கொடுக்கலாம். 2024 அக்டோபர் 1 தேதியிட்ட சுற்றறிக்கைப்படி, மதிப்பீட்டு ஆண்டு (நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து ஐந்து வருடம் வரை ஏற்பார்கள். 2022-23இல் பிடித்த பணத்துக்கு 2029 மார்ச் 31 வரை நேரம் உண்டு. 2019-20க்கு ரீஃபண்ட் பாக்கி வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு 2026 மார்ச் 31தான் கடைசி.

ஒரு கோடி வரையிலான தொகை என்றால் முதன்மை ஆணையர் அல்லது ஆணையர் மட்டத்திலேயே முடிவாகும். ஏன் தாமதம் என்று காரணம் கேட்பார்கள். உடம்பு சரியில்லை, வீட்டில் ஒரு துக்கம், ஊரிலேயே இல்லை, எதுவானாலும் அதற்கு ஒரு காகிதம் வேண்டும். "தெரியாது சார்" என்பதை மட்டும் நம்பிப் போகாதீர்கள், இந்த ஒரு இடத்தில் நல்ல ஆடிட்டருக்குக் காசு கொடுத்து எழுதிவாங்குவது வீண் செலவில்லை. முடிந்தவரை ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று சுற்றறிக்கையே சொல்கிறது. அனுமதி வந்தபிறகு ரிட்டர்ன் போட்டால் பணம் வரும், வட்டி மட்டும் கிடைக்காது.

கடைசியாக, இதுவும் உங்கள் துறைக்கே உள்ள நோய்தான்: வரி என்று பிடித்துக்கொண்டு அரசுக்குக் கட்டாமலே விட்டுவிடுவார்கள். 26ஏஎஸ் அறிக்கையில் 194ஜே என்ற பிரிவில் உங்கள் பணம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் தயாரிப்பு நிர்வாகியைப் பிடித்து டி.டி.எஸ். ரிட்டர்ன் போடவைப்பதுதான் முதல் வேலை. பிடித்தவர் கட்டாத வரியை உங்களிடம் மறுபடி கேட்கக் கூடாது என்று சட்டத்தில் 205ஆம் பிரிவு இருக்கிறது, ஆனால் அதை வைத்துக்கொண்டு ரீஃபண்ட் வாங்குவது பெரிய போராட்டம். வவுச்சர், ஒப்பந்தம், பேங்க் ஸ்டேட்மென்ட் மூன்றையும் எறியாதீர்கள்.

ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா இந்த மார்ச் மாதம் காலமானார். அவருடைய எஃப்.டி.களில் பிடித்த வரி 34,000 இருக்கிறது. அவர் செல்போன் என்னிடம்தான் இருக்கிறது, ஓ.டி.பி. வரும். அவர் பெயரிலேயே ரிட்டர்ன் போட்டுவிடலாமா?
வாசகர், பெரம்பூர்

போடாதீர்கள். நிறையப் பேர் செய்கிறார்கள் என்பது தெரியும், ஆனால் இறந்தவர் கையெழுத்தைப் போடுவதும் இதுவும் ஒன்றுதான். அதுவும் போக, இறந்தது தெரிந்தபின் வங்கி அவர் கணக்கை முடக்கிவிடும், ரீஃபண்ட் அங்கே போய் முட்டிக்கொண்டு திரும்பும்.

உங்கள் பான் மூலம் இணையதளத்தில் நுழைந்து, அப்பாவுக்கு சட்டப்படியான வாரிசாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். அவருடைய பான், உங்களுடைய பான், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் இவ்வளவும் வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகம் கொடுக்கும், ஓய்வூதிய வேலைக்காக ஏற்கெனவே வாங்கியிருப்பீர்கள். பதிவை ஏற்றுக்கொண்டபின் அவர் சார்பில் நீங்கள் ரிட்டர்ன் போடலாம், பணம் உங்கள் கணக்குக்கு வரும். அம்மாவும் கூடப்பிறந்தவர்களும் இருந்தால் முதலிலேயே அவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். 34,000 ரூபாய்க்குக் குடும்பத்தில் மனஸ்தாபம் வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இறந்த தேதி வரைக்கும் உள்ள வட்டிதான் அப்பாவின் வருமானம். அதற்குப் பிறகு வந்தது வாரிசுகள் கணக்கு. பதிவுக்கு அனுமதி வரச் சில நாள் பிடிக்கும், டிசம்பர் கடைசி வாரத்தில் ஆரம்பித்தால் தேதி தாண்டிவிடும்.

என்னோடு சிறுசேரியில் வேலை செய்பவருக்கு ஒரு ஏஜென்ட் மூலம் 90,000 ரீஃபண்ட் வந்தது. 10 சதவீதம் கமிஷன். நானும் கொடுக்கலாமா? அவர் செய்தது தப்பா?
பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பெயர் வேண்டாம் என்று நீங்களே சொல்லும்போது பதிலும் உங்களுக்குத் தெரிந்துதானே இருக்கிறது?

ரீஃபண்டில் கமிஷன் கேட்பவர் ரீஃபண்டைப் பெரிதாக்கத்தான் பார்ப்பார். கொடுக்காத கட்சி நன்கொடை, இல்லாத வாடகை, வாங்காத கல்விக் கடனுக்கு வட்டி, யாருக்கோ வந்த நோய்க்கு வைத்தியச் செலவு, இப்படி ஏற்றிக்கொண்டு போவார்கள். 2025 ஜூலை 14 அன்று வரித்துறை நாடு முழுக்க 150 இடங்களில் இதற்காகவே சோதனை போட்டது, அதில் தமிழ்நாடும் உண்டு. மாட்டினால் ஏஜென்ட் போனை எடுக்கமாட்டார், நோட்டீஸ் உங்கள் நண்பர் பெயருக்குத்தான் வரும். தவறாகக் காட்டிய வருமானத்துக்கான வரியில் 200 சதவீதம் வரை அபராதம், வரியும் வட்டியும் தனி.

நண்பரிடம் சொல்லுங்கள், டிசம்பர் 31க்குள் திருத்திய ரிட்டர்ன் போட்டுப் பொய்யான கழிவுகளை எடுத்துவிட்டால் வரியும் வட்டியும் கட்டுவதோடு முடிந்துவிடும். அதைத் தாண்டினால் அப்டேட்டட் ரிட்டர்ன்தான், அதில் முதல் ஒரு வருடத்துக்குள் என்றால் வரி, வட்டிக்கு மேல் 25 சதவீதம் கூடுதல், தள்ளிப்போனால் இன்னும் ஏறும்.

நேர்மையான ரீஃபண்டுக்கே உங்களிடம் வழி இருக்கலாம். ஆபீஸில் வாடகை ரசீது கொடுக்க மறந்திருந்தாலும் பழைய வரிமுறையில் ரிட்டர்ன் போடும்போது ஹெச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப்படி) கழிவைக் கேட்கலாம், சென்னையில் அது அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் வரை போகும். ஆனால் பழைய முறை வேண்டுமென்றால் உரிய தேதிக்குள் போட்டிருக்க வேண்டும். தாமதமாகப் போடுகிறவருக்குப் புதிய முறை மட்டும்தான். செப்டம்பரை விட்டவர்கள் உண்மையில் இழந்தது அந்த 1,000, 5,000 கட்டணத்தை அல்ல, இதைத்தான்.

ரீஃபண்டுக்கு வட்டி தருவார்களாமே, உண்மையா?
வாசகர், திருவான்மியூர்

உண்மை. மாதத்துக்கு அரை சதவீதம். உரிய தேதிக்குள் போட்டவருக்கு ஏப்ரல் 1 முதலும், தாமதமாகப் போட்டவருக்குப் போட்ட தேதி முதலும் கணக்கு. ரீஃபண்ட் தொகை மொத்த வரியில் 10 சதவீதத்துக்கும் குறைவென்றால் வட்டி இல்லை. வந்த வட்டியை அடுத்த ரிட்டர்னில் வருமானமாகக் காட்ட மறக்காதீர்கள். அரசு கொடுத்த வட்டிக்கு அரசுக்கே வரி, என்ன செய்வது.

"உங்கள் ரீஃபண்ட் 15,490 ரூபாய் தயார், கணக்கு எண்ணை உறுதிசெய்யவும்" என்று எஸ்.எம்.எஸ். வந்திருக்கிறது, கீழே லிங்க். தொடலாமா?
வாசகி, அண்ணா நகர்

தொடாதீர்கள். நீங்களாக இணையதளத்துக்குப் போய் நுழைந்து பாருங்கள், அங்கே இல்லாத ரீஃபண்ட் எங்கேயும் இல்லை. சந்தேகம் இருந்தால் 1800 103 0025 என்ற கட்டணமில்லா எண்ணுக்குக் கேளுங்கள்.

பழைய பாக்கி இருக்கிறது, அதில் ரீஃபண்டைக் கழித்துக்கொள்கிறோம் என்று மெயில் வந்திருக்கிறது. எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை.
வாசகர், ராயபுரம்

245ஆம் பிரிவு நோட்டீஸ் அது. 21 நாளுக்குள் தளத்தில் போய் "ஒப்புக்கொள்ளவில்லை" என்று காரணத்தோடு பதில் போடுங்கள், கட்டிய சலான் இருந்தால் சேர்த்து. பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக் கழித்துவிடுவார்கள்.

செப்டம்பர் 10ஆம் தேதியே ரிட்டர்ன் போட்டுவிட்டேன். இன்னும் ஒரு தகவலும் இல்லை. ரிட்டர்ன்களைப் பரிசீலிக்கும் பெங்களூர் மையத்துக்கு எழுதிப் போடலாமா?
வாசகர், தாம்பரம்

எழுதுவதற்கு முன் இணையதளத்தில் உங்கள் ரிட்டர்னுக்கு நேரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். "இ-வெரிஃபை" ஆகிவிட்டது என்றிருந்தால் கொஞ்சம் பொறுங்கள், சட்டப்படி அவர்களுக்கு 2026 டிசம்பர் 31 வரை அவகாசம் இருக்கிறது, பெரும்பாலும் அவ்வளவு இழுக்கமாட்டார்கள். ஆகவில்லை என்றிருந்தால், நீங்கள் ரிட்டர்ன் போடவே இல்லை என்றுதான் அர்த்தம். போட்ட 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. வைத்தோ நெட் பேங்கிங் வழியாகவோ சரிபார்த்திருக்க வேண்டும். இப்போது செய்தால் தாமதத்துக்குக் காரணம் கேட்கும், செய்கிற தேதிதான் தாக்கல் தேதியாகவும் ஆகும், அதனால் தாமதக் கட்டணமும் வந்து சேரும். பரவாயில்லை, கடிதத்தை வைத்துவிட்டுப் போனை எடுங்கள், ஐந்து நிமிஷ வேலை.